கண்டிச் சீமைக்கு நடந்தவர்களும் ஒரு கிருமியும்

1820களில் கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்குப் பக்கத்தில், கன்னொருவையில் கோப்பி நட்டார். பிறகு கண்டியைச் சுற்றியிருந்த மலையெல்லாம் கோப்பிதான். அதில் வேலை செய்ய வந்த நம்ம பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்தே வந்தார்கள். மாத்தளைக்கே சுமார் 200 கிலோமீற்றர்.

வழியில் பசி, மலேரியா, எல்லாத்துக்கும் மேல வாந்திபேதி. அதாவது கொலரா. காலையில் நடந்தவர் ராத்திரிக்குள் சுருண்டுவிடுவார். முடியாதவர்களைப் பாதையோரம் விட்டுவிட்டுக் கூட்டம் போய்விடும். துரைமாரைக் கேட்டால் இது கூலிகள் கொண்டுவரும் நோய். பாதி உண்மைதான், வங்காள விரிகுடாவின் கரைகள் கொலராவுக்குப் பழைய வீடு. ஆனா வழியில் அவர்களுக்கு என்ன தண்ணி கிடைத்தது என்று யார் கேட்டா? பின்னாளில் மண்டபம் கேம்ப் வந்தபோதும், தடுத்து வைத்து நோய் இருக்கா என்று பார்க்கப்பட்டது நம்ம ஆட்கள்தான்.

கிருமியின் பெயர் விப்ரியோ கொலரே. 1854இல் இத்தாலியில் பாச்சினி அதைப் பார்த்து எழுதினார், யாரும் கண்டுக்கல. 1884இல் கல்கத்தாவில் ரொபர்ட் கோக் பிரித்தெடுத்துக் காட்டிய பிறகுதான் பேச்சே மாறியது. 2000இல் அதன் மரபணுத்தொகுதியை முழுசாக வாசித்தார்கள். இரண்டு குரோமோசோம், சுமார் 40 லட்சம் எழுத்து. இதில் என்னை உலுக்கியது ஒரு விசயம்: குடலைக் கவிழ்க்கும் அந்த நஞ்சின் மரபணு முதலில் கிருமியுடையதே இல்லை. பக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சொருகியது. 1996இலேயே இதைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த நஞ்சு இல்லாத விப்ரியோக்கள் எத்தனையோ, கழிமுகத் தண்ணியில் சும்மா வாழ்ந்துட்டுப் போகுது.

1849இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் கொலராவால் இறந்த ஒருத்தரின் குடல் துண்டு அங்க ஒரு மியூசியத்தில் போத்தலில் கிடந்தது. 2014இல் அதிலிருந்து கிருமியின் மரபணுத்தொகுதியை எடுத்துவிட்டார்கள். இன்றைக்குப் பரவும் எல் டோர் வகை இல்லை, பழைய கிளாசிக்கல் வகை. 1849 என்றால் மன்னார்ப் பாதையில் கூட்டங்கூட்டமாக ஆட்கள் நடந்துகொண்டிருந்த காலம்தானே. அவர்களைக் கொன்றதும் அதே வகையாகத்தான் இருக்க வேண்டும். வாசித்துப் பார்க்க இங்க யாரும் எதையும் போத்தலில் எடுத்து வைக்கல. பல பேருக்குக் குழிகூட வெட்டல.