எல்லைக் கல்லும் நாஞ்சில் நாடும்

கல்வெட்டு என்றதும் நம் கண் கோயில் சுவரைத் தேடுகிறது. வரப்போரம் பாதி புதைந்து கிடக்கும் எல்லைக் கல்லும் ஓர் ஆவணமே. ஒரு சின்னமே அதன் வாசகம். எழுத்தறியா உழவனுக்கும் அது விளங்கும்.

பழந்தமிழகத்தில் நிலக்கொடை ஓலை எழுதுவதோடு முடிந்துவிடவில்லை. பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, அவ்வழியே கல்லும் கள்ளியும் நட்டனர். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்திற்கு முதலாம் இராசராசன் அளித்த கொடையைக் கூறும் லெய்டன் செப்பேடு இவ்வழக்கத்தைப் பதிவு செய்துள்ளது. திருமால் கோயில் நிலத்திற்குச் சக்கரம் பொறித்த திருவாழிக்கல், சிவன் கோயில் நிலத்திற்குச் சூலக்கல், சமணப் பள்ளி நிலத்திற்கு முக்குடைக்கல் என்பன அடையாளங்கள்.

குமரி மாவட்டத்தில் இம்மூன்று சமயங்களும் தழைத்தன. சுசீந்திரமும் திருவட்டாறும் இருக்க, சிதறால் மலையில் சமணரும் வாழ்ந்தனர். நாகர்கோவில் நாகராசா கோயிலில் 16 ஆம் நூற்றாண்டிலும் சமணர் நிலக்கொடை பெற்றதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இத்தகைய நாட்டில் எல்லை தெளிவாக இருந்தாலன்றி வழக்குத் தீராது.

எல்லைக்கு அரசனும் கட்டுப்பட்டவனே. கி.பி. 866 இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயிலும், 95 சட்டர்களுக்கான சாலையும் அமைத்தான். அதற்கான நிலத்தை முஞ்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்தே பெற்றான் என்கிறது அவன் செப்பேடு. பிற்காலத்து நாஞ்சில் நாட்டாரும் தம் நாட்டை 'மங்கலம் முதல் மணக்குடி வரை' என எல்லை சுட்டியே குறித்தனர்.

பின்னர் நிலைமை மாறிற்று. 1811 ஐ ஒட்டி, கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, திருவிதாங்கூர்க் கோயில் சொத்துகள் அரசின் வசமாயின. நில அளவைப் பதிவேடுகள் பெருகப் பெருகச் சின்னக் கற்கள் பொருளிழந்தன. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லையே ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளைக்குப் பெயர்ந்தது.

கோயில் கல்வெட்டைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்தாலும் படித்துவிடலாம். எல்லைக் கல்லின் பொருளோ அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. பெயர்த்தால் அது பாதி ஊமை. வயல்கள் மனைகளாகிவரும் இந்நாளில், சின்னம் பொறித்த கல்லைக் காண நேரும் அன்பர்கள் அதை அசைக்காது, நிற்கும் இடத்தையும் அது நோக்கும் திசையையும் குறித்து, தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பார்களாக.