சுயபுத்தியுடன்

எதிர்வீட்டுப் பெரியவர் உயில் எழுதியபோது சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார். 'நல்ல ஞாபகத்துடனும் சுயபுத்தியுடனும், பிறர் தூண்டுதல் இன்றியும்' என்று வழக்கம் போல் ஆரம்பித்திருந்தது. வீட்டில் ஒரு பங்கு, இருபது வருஷமாகத் தமக்குச் சமைத்துப் போட்ட அம்மாளுக்கு. மூத்த பிள்ளை என் காதருகே வந்து, "அப்பாவுக்குக் கொஞ்ச நாளாகப் புத்தி ஸ்திரமில்லை, ஸார்!" என்றார். பேனாவைத் திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டைஸ் சோம்பரின் ஞாபகம் வந்துவிட்டது.

மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தானாவை ஆண்ட பேகம் சம்ருவை வாசகர்கள் அறிந்திருக்கலாம். அவள் வளர்த்து வாரிசாக்கிய பிள்ளை இவர், 1808-ல் பிறந்தவர். 1836-ல் பேகம் கண்மூடியதும் ஜாகீரைக் கம்பெனியார் எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் ஐந்து லட்சம் பவுனுக்கு மேற்பட்ட ஆஸ்தி இவருக்கு வந்தது. 1838-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1840-ல் செயின்ட் வின்சென்ட் பிரபுவின் மகளை மணந்தார். 1841-ல் சட்பரி தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்கே போய்விட்டார். தாதாபாய் நௌரோஜி போனது 1892-ல்தான்! ஆனால் மறு வருஷமே, வாக்காளர்களுக்குக் கைக்கூலி கொடுத்ததாக அந்தத் தேர்தல் செல்லாமற் போயிற்று.

வீட்டிலும் புகைச்சல். விருந்து, நடனம் என்று வளர்ந்தவள் மனைவி. அந்நிய ஆடவருடன் அவள் சிரித்துப் பேசுவதே இவருக்குப் பொறுக்கவில்லை. சந்தேகம் முற்றி, கண்டவர்களையெல்லாம் துவந்த யுத்தத்துக்கு அழைத்தார். கடைசியில் மாமனார் மீதே பாய்ந்தது சந்தேகம். 1843-ல் ஜூரி விசாரித்து, இவர் சித்த சுவாதீனம் அற்றவர் என்று தீர்ப்புச் சொல்லிற்று.

இடைக்காலத்திலிருந்தே இங்கிலாந்தில் இத்தகையவர்களுக்கு அரசனே காப்பாளன். பிறவியிலேயே அறிவு வளராதவனுடைய நிலத்தின் வருமானத்தை அரசன் அனுபவிக்கலாம். நடுவில் சித்தம் கலங்கியவனின் சொத்தையோ பத்திரமாக வைத்திருந்து, தெளிந்ததும் திருப்பித் தரவேண்டும். பங்காளிகள் சுருட்டிக்கொண்டு போகாதிருக்க ஏற்பட்ட நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் அரைவாசி என்பது கிடையாது. ஒரு விஷயத்தில் புத்தி பிசகினவன் என்று ஜூரி சொல்லிவிட்டால், சொத்தும் சுதந்திரமும் சேர்ந்தே போயிற்று.

சோம்பர் காவலிலிருந்து தப்பிப் பாரிஸுக்கு ஓடினார். அங்குள்ள வைத்தியர்கள் பரிசோதித்து, தெளிவாகவே இருக்கிறார் என்றார்கள். பிற நாட்டு வைத்தியர்களிடமும் சான்று வாங்கினார். லண்டனிலோ லார்டு சான்சலர் மசியவில்லை. கடலுக்கு அந்தப்புறம் புத்திமான், இந்தப்புறம் பைத்தியம்! அவரைக் கீழ்நாட்டு ஆசாரப்படி எடைபோடுவதா, ஐரோப்பிய ஆசாரப்படியா என்று வக்கீல்கள் வாதாடினார்கள். தாம் பைத்தியமில்லை என்று நிரூபிக்க 1849-ல் பாரிஸில் ஒரு புத்தகமே வெளியிட்டார் மனிதர். கிட்டத்தட்ட 600 பக்கம். அறுபது பக்கத்தில் நிறுத்தியிருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ!

அவர் பூரண சுகத்துடன் இருந்தார் என்று நான் சாதிக்கவில்லை. மாமனாரைச் சந்தேகித்ததை எந்த ஊர் ஆசாரமும் ஏற்காது. அந்த மனைவி பட்ட பாட்டையும் மறக்கக்கூடாது. ஆனால் 1851-ல் லண்டனில் இறந்தவர் விட்டுச்சென்ற உயில் என்ன சொல்லிற்று? சர்தானாவில் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்றது. அதில் பைத்தியம் எங்கே இருக்கிறது? மனைவிக்கு ஒன்றும் வைக்காததில் இருக்கிறது என்றது கோர்ட்டு. அதற்கும் நியாயம் உண்டு. 1856-ல் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்ய, சொத்து மனைவிக்குப் போயிற்று. பள்ளிக்கூடம் எழும்பவில்லை.

இதே பாணி விசாரணையை 1858-ல் சட்டமாக்கி இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் 2005-ல் வந்த சட்டமோ, ஒவ்வொரு முடிவையும் தனித்தனியே பார்க்கச் சொல்கிறது. ஒருவன் அசட்டுத்தனமான முடிவு செய்தான் என்பதற்காக மட்டும், முடிவு செய்யச் சக்தியில்லாதவன் என்று அவனை ஒதுக்கக்கூடாது என்கிறது.

நான் பெரியவரை அவருடைய ஆஸ்தி என்னென்ன, பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன். பிசகாமல் சொன்னார்.

"பிள்ளைகளுக்கு வருத்தம் போலிருக்கிறதே?"

"தெரியும். அவர்களுக்குத்தானே பாக்கி முழுவதும் எழுதியிருக்கிறேன்? நீங்கள் போடுங்கள்" என்றார்.

போட்டேன். மூத்த பிள்ளை இப்போது தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.