எழுபத்திரண்டு மேளம் பிறந்த கதை

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அதற்கப்பால் நெய்யாற்றின்கரை. கர்நாடக இசைக்கு பாறசாலை பொன்னம்மாளையும் நெய்யாற்றின்கரை வாசுதேவனையும் தந்த ஊர்கள்.  இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லை ஊர்களில் பாட்டு கற்கப் போகும் பிள்ளை சரளி வரிசை பாடுவது மாயாமாளவகௌளையில். அது 15ஆவது மேளகர்த்தா. மேளகர்த்தா, சுருக்கமாக மேளம், என்பது ஏழு ஸ்வரங்களும் கொண்ட தாய் ராகம். ஏன் 15 என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சேர்வுக் கணக்குக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

17ஆம் நூற்றாண்டில், விஜயராகவ நாயக்கர் காலத்துத் தஞ்சாவூரில் கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி 'சதுர்தண்டி பிரகாசிகை' எழுதினார். அவருக்கு முந்தியவர்கள் வழக்கிலிருந்த ராகங்களைப் பார்த்து மேளங்களைத் தொகுத்தார்கள். 1550இல் ராமாமாத்தியர் சொன்னவை 20. வேங்கடமகியோ எத்தனை மேளங்கள் இருக்க முடியும் என்று எண்ணத் தொடங்கினார்.

ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாதவை. ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் சேர்த்து நான்கு ஸ்தானங்கள். அதில் இரண்டு வேண்டும். முதலாவதை எடுக்க 4 வழி, அடுத்ததற்கு 3, ஆக 12. ஆனால் எந்த இரண்டை எடுத்தாலும் தாழ்ந்தது ரி, உயர்ந்தது க. வரிசை நம் கையில் இல்லை. ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு முறை எண்ணிவிட்டோம், பாதியாக்கினால் 6. பதினொன்றாம் வகுப்பில் பலர் தடுமாறும் இடம் இதுதான், இங்கே பாடிப் பார்த்தாலே விளங்கிவிடுகிறது. இதன் பொதுச் சூத்திரத்தைக் கன்னட நாட்டுச் சமணக் கணிதர் மகாவீரர் 9ஆம் நூற்றாண்டிலேயே 'கணிதசாரசங்கிரக'த்தில் தந்திருந்தார்.

தைவத நிஷாதங்களுக்கும் அதே 6. மத்திமம் இரண்டு வகை, சுத்தமும் பிரதியும். 2 × 6 × 6 = 72.

அத்தனைக்கும் வேங்கடமகி இலக்கணம் எழுதவில்லை. எழுதியது 19க்கு மட்டுமே. மீதி 53 இடங்களும் பாட்டு வருவதற்கு முன்பே கணக்கில் பிறந்துவிட்டன. பாட்டில்லாத இடத்துக்கும் பட்டியலில் இடம் விட்டாரே, அந்தத் துணிவுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி அந்த 15. பட்டியலின் முதல் 36 மேளங்கள் சுத்த மத்திமத்துக்கு, மாயாமாளவகௌளைக்கும் அதுவே என்பதால் அந்த 36க்குள். ரி-க ஜோடிகளில் மாயாமாளவகௌளைக்கு மூன்றாவது. முந்திய இரண்டும் ஆறாறு மேளங்களைக் கொண்டு போகின்றன, 12. த-நி ஜோடியிலும் மூன்றாவது. 12 + 3 = 15. பின்னால் மேளங்களுக்குக் கடபயாதி முறைப்படி பெயர் வைத்தார்கள். கேரளத்து ஹரிதத்தர் 683இல் கையாண்ட எழுத்தெண் முறை அது. 'மாயா' என்ற தொடக்கத்தில் ம 5, ய 1. திருப்பிப் படித்தால் 15.

72இல் 40 விவாதி மேளங்கள், அதாவது இசைவற்றதாகக் கருதப்படும் ஸ்வரச் சேர்க்கை உள்ளவை. பலர் அவற்றின் பக்கம் போகவே தயங்கினார்கள், நாட்டை போன்ற சில தவிர. 20ஆம் நூற்றாண்டில் கோடீஸ்வர ஐயர் அந்த நாற்பதையும் விடாமல், 72 மேளங்களிலும் தமிழில் கீர்த்தனை இயற்றினார்.