எல்லைக்கல்லும் டேக்கும்: பாண்டியர் சாசனமும் எச்டிஎம்எல் பக்கமும்

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில், ஒத்தக்கடையை ஒட்டி ஆனைமலை நீண்டு கிடக்கிறது. அதன் அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையில் இரண்டு கல்வெட்டுகள் உண்டு. ஒன்று வடமொழியில், கிரந்த எழுத்தில். மற்றது தமிழில், வட்டெழுத்தில். கோயிலும் ஒன்று, காரியமும் ஒன்று. ஆனால் இரண்டும் ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றொன்று என்று சொல்ல முடியாதபடி வேலையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. கலியாண்டு 3871, அதாவது பொதுக் கணக்கில் 770 என்ற காலக்குறிப்பு வடமொழியில் இருக்கிறது. நடந்த கதை தமிழில் இருக்கிறது: பாண்டிய மன்னன் மாறஞ்சடையனின் உத்தரமந்திரி மாறன் காரி இந்தக் கற்றளியைச் செய்தான்; நீர்தெளித்துக் குடமுழுக்கு நடத்துமுன் இறந்துபோனான்; அந்தப் பதவிக்கு வந்த அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பி நீர்தெளித்தான்.

இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லைப் படித்தவர்களுக்கு இந்தப் பங்கீடு பழக்கமானது. பக்கம் எந்த மொழியில், எந்த எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கிறது, அதன் தலைப்பு என்ன என்ற விவரங்கள் ஒரு பகுதி. சொல்ல வந்த செய்தி வேறொரு பகுதி. முன்னதற்கு ‘ஹெட்’, பின்னதற்கு ‘பாடி’. மொழியைச் சொல்ல ‘லேங்’ என்ற பண்பு இருக்கிறது. அதில் ‘டிஏ’ என்று இட்டால் அந்தப் பகுதி தமிழ் என்று உலாவி அறியும். ஆனைமலையில் மொழியை அறிவிக்கத் தனிக்குறி தேவைப்படவில்லை. எழுத்தின் வடிவமே அந்த அறிவிப்பைச் செய்துவிடுகிறது.

பாண்டியர் சாசனத்தையும் இணையப் பக்கத்தையும் அருகருகே வைத்தால், ஒப்புமை எங்கே உண்மையாக நிற்கிறது, எங்கே நாமாக இழுத்துக் கட்டுகிறோம் என்பதைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று கல்வெட்டு தொடங்குகிறது, ‘டாக்டைப்’ என்று பக்கம் தொடங்குகிறது, ஆகவே இரண்டும் ஒன்று என்பது இழுத்துக் கட்டுவது. மங்கலச் சொல் வாழ்த்து. டாக்டைப் வரி, எந்த விதிப்படி பக்கத்தைக் காட்டுவது என்று உலாவிக்குச் சொல்லும் ஏற்பாடு. அதை விட்டுவிடலாம்.

மெய்க்கீர்த்தி அப்படியல்ல. பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளில் அரசனின் புகழ் பாடும் அந்த நீண்ட முகப்பும், எச்டிஎம்எல்லின் ஹெட் பகுதியும் ஒரே இடத்தில் நின்று எதிரெதிராக நடந்துகொள்கின்றன. ஹெட்டில் உள்ளது பெரும்பாலும் வாசகர் கண்ணில் படுவதில்லை. டைட்டில் மட்டும் உலாவியின் மேல்பட்டையில் எட்டிப் பார்க்கும். மெய்க்கீர்த்தியோ படிப்பவரை முதலில் மறித்து, வென்ற நாடுகளை எல்லாம் அடுக்கி முடித்த பிறகே தானச் செய்திக்கு வழிவிடும். ஒன்று ஒளிந்திருக்கும் முகப்பு, மற்றது முழங்கும் முகப்பு.

ஆனாலும் இரண்டுக்கும் நேர்ந்த கதி ஒன்றுதான். பக்கத்தின் உரிமையாளர்கள் ஹெட்டில் ‘கீவேர்ட்ஸ்’ என்ற மெட்டா டேக்கில் தங்களைப் பற்றி வேண்டியதை எல்லாம் கொட்டினார்கள். தேடுபொறிகள் நம்புவதை நிறுத்தின. வரிசைப்படுத்துவதற்கு அதைத் தாம் பயன்படுத்துவதில்லை என்று 2009இல் கூகுள் வெளிப்படையாகவே அறிவித்தது. மெய்க்கீர்த்தி சொல்லும் வெற்றிகளையும் வரலாற்றாசிரியர்கள் வேறு சான்று கிடைக்கும் வரை அப்படியே கணக்கில் சேர்ப்பதில்லை. தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும் பகுதி எந்தக் காலத்திலும் தள்ளுபடி போக மீதிக்குத்தான் படிக்கப்படுகிறது.

அப்படியானால் மெய்க்கீர்த்தி வீணா? இல்லை. பாண்டியர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடினார்கள். பெயர்களோ சுந்தரன், குலசேகரன், வீரன், விக்கிரமன் என்று திரும்பத் திரும்ப வரும். ‘சுந்தர பாண்டியன்’ என்று மட்டும் கண்டால் எந்தச் சுந்தர பாண்டியன் என்று கல்வெட்டாய்வாளர் திகைக்க வேண்டியதுதான். அவருக்குக் கைகொடுப்பது மெய்க்கீர்த்தியின் தொடக்கத் தொடர். அது இன்ன அரசனுக்கே உரியது. எச்டிஎம்எல் இந்த வேறுபாட்டுக்கு இரண்டு பண்புகளை வைத்திருக்கிறது. ‘கிளாஸ்’ பலவற்றுக்குப் பொது. ‘ஐடி’ ஒரு பக்கத்தில் ஒன்றுக்கே உரியது. சடையவர்மன் என்பது கிளாஸ், மெய்க்கீர்த்தியின் முதல் தொடர் ஐடி. இதை எழுதும்போதே எனக்குச் சற்று மகிழ்ச்சியாக இருக்கிறது. ஏனென்றால் இதை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கவில்லை.

உடலுக்கு வருவோம். எச்டிஎம்எல் கற்கத் தொடங்குபவர் முதல் நாளில் காணும் வியப்பு ஒன்று உண்டு. நோட்பேடில் பத்து வரிகளை என்டர் தட்டித் தட்டி அழகாக எழுதி, உலாவியில் திறந்தால் பத்தும் ஒட்டிக்கொண்டு ஒரே ஓட்டமாக நிற்கும். எத்தனை இடைவெளி விட்டாலும், எத்தனை வரி தாண்டினாலும் அது ஒற்றை இடைவெளியாகவே கொள்ளப்படும். பத்தி வேண்டுமென்றால் ‘பி’ என்று கோண அடைப்புக்குள் சொல்ல வேண்டும். வரி உடைய வேண்டுமென்றால் ‘பிஆர்’ என்று சொல்ல வேண்டும். கல்லிலும் இதே நிலைதான். சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது, நிறுத்தக்குறி கிடையாது, கல் முடிந்த இடத்தில் வரி முடியும். ஆக, இரண்டிலும் வெற்றிடத்துக்கு மதிப்பில்லை. பிரிவை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

சொல்லும் விதத்தில்தான் வேறுபாடு. டேக் என்பது உரைக்கு வெளியே நிற்கும் சொல். வேலை முடிந்ததும் மறைந்துவிடும். கல்வெட்டில் பிரிவைச் சொல்வதும் உரையே. ‘யாண்டு’ என்றால் காலம் வருகிறது. ‘ஆக’ என்றால் கூட்டுத்தொகை வருகிறது. ‘இவை இன்னான் எழுத்து’ என்றால் கையொப்பம். இந்தச் சொற்கள் மறைவதில்லை, மறைய வேண்டிய தேவையும் இல்லை. சில சொற்கள் தேய்ந்து ஒற்றைக் குறிகளாகவும் ஆயின. ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, மேற்படிக்கு ௸. எண்ணோடு சேர்ந்து நின்று, இந்த எண் எதைக் குறிக்கிறது என்று சொல்வதே இவற்றின் வேலை. டேக்குக்கு மிக நெருங்கி வந்த தமிழ் எழுத்துகள் இவைதாம். 2003இல் யூனிகோடின் 4.0 பதிப்பில் இவை சேர்ந்தன; ஆகவே இன்று எந்த எச்டிஎம்எல் பக்கத்திலும் இவற்றை அச்சிடலாம்.

திறப்பதும் மூடுவதும் எச்டிஎம்எல்லின் அடிப்படை ஒழுக்கம். ஓப்பனிங் டேக் இட்டால் குளோசிங் டேக் இட வேண்டும். உள்ளே திறந்ததை உள்ளேயே மூட வேண்டும். பட்டியலுக்கு ‘யூஎல்’, அதனுள் ஒவ்வொரு உருப்படிக்கும் ‘எல்ஐ’. இந்த ஒழுக்கத்துக்குச் சாசனத்தில் ஈடானது நான்கெல்லை கூறும் பகுதி. நிலத்தைத் தானம் செய்யும்போது கீழெல்லை இது, தென்னெல்லை இது, மேலெல்லை இது, வடவெல்லை இது என்று வரிசையாகச் சொல்லி, ‘இந்நான்கெல்லைக்கு உட்பட்ட’ என்று மூடுவார்கள். அந்த எல்லைக்குள் உள்ள கிணறும் மரமும் மேல்நோக்கியவையும் கீழ்நோக்கியவையும் எல்லாம் உள்ளே அடங்கும். செப்பேடுகளில் இதை வெறும் சொல்லாக விடாமல், பெண்யானையை விட்டு எல்லையைச் சுற்றி நடக்கச் செய்து, கல்லும் கள்ளியும் நட்டதாகவும் எழுதியிருப்பார்கள். யானை தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் எல்லை மூடியதாகும்.

இங்கே ஒரு எதிர்பாராத ஒற்றுமை. நான்கெல்லை கிழக்கில் தொடங்கித் தெற்கு, மேற்கு, வடக்கு என்று போவது பெரும்பான்மை வழக்கு, அதாவது வலமாக. எச்டிஎம்எல்லின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு பெட்டிக்கு நான்கு பக்க ஓரங்களைத் தரும்போது மேல், வலம், கீழ், இடம் என்ற வரிசையில் தர வேண்டும். அதுவும் வலமாகத்தான் சுற்றுகிறது. தொடங்கும் திசை மட்டும் வேறு: சாசனத்துக்குச் சூரியன் உதிக்கும் கிழக்கு, சிஎஸ்எஸ்ஸுக்குத் திரையின் உச்சி. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று யாரும் சொல்லப்போவதில்லை. நான்கு பக்கத்தை நினைவில் வைக்க மனிதருக்கு இதைவிட எளிய வழி தோன்றவில்லை, அவ்வளவே. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் பத்திரங்களில் இன்றும் செக்குபந்தி எனும் நான்கெல்லை விவரம் இல்லாமல் கிரயம் நிறைவதில்லை.

மூடாமல் விட்டால்? எச்டிஎம்எல் இங்கே தாராளம். ‘பி’, ‘எல்ஐ’ இரண்டுக்கும் குளோசிங் டேக் இல்லாவிட்டாலும் சில இடங்களில் விதியே அனுமதிக்கிறது. ‘ஹெட்’, ‘பாடி’ என்று எழுதாவிட்டாலும் உலாவி தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். தவறான பக்கத்தையும் எப்படியாவது காட்டிவிடும். சாசனத்தில் எல்லை ஒன்று விட்டுப்போனால் இட்டு நிரப்ப ஆளில்லை, வழக்குத்தான் மிஞ்சும்.

வழக்கு என்றதும் வேள்விக்குடிச் செப்பேட்டைத் தொட்டாக வேண்டும். 8ஆம் நூற்றாண்டில், நெடுஞ்சடையன் பராந்தகனின் மூன்றாம் ஆட்சியாண்டில், கூடல் மாநகரில் ஒருவர் மன்னனிடம் முறையிடுகிறார்: பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என் முன்னோருக்குத் தந்த வேள்விக்குடி, களப்பிரர் காலத்தில் பறிபோயிற்று. பழமையை மெய்ப்பித்துக் காட்டுமாறு மன்னன் சொல்கிறான், மெய்ப்பிக்கப்படுகிறது, ஊர் திரும்பக் கிடைக்கிறது. செப்பேடு முதல் தானத்தையும், அது அழிந்ததையும், பாண்டியன் கடுங்கோன் நாட்டை மீட்டதையும், முறையீட்டையும் தன்னுள்ளேயே முழுமையாகச் சொல்லிவிடுகிறது. எச்டிஎம்எல் எழுதுபவர் இதைச் செய்யமாட்டார். ‘ஏ’ என்ற டேக்கில் பழைய ஆவணத்தின் முகவரியை இட்டு, நீலக் கோட்டோடு விட்டுவிடுவார். இணைப்புதான் எச்டிஎம்எல்லின் பெருமை. 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் டேக் பட்டியலில் படம் காட்டும் டேக்கே கிடையாது, ‘ஏ’ இருந்தது. ஆனால் மறுமுனை போனால் இணைப்பு வெறும் முகவரி. செப்பேடு சுமந்து செல்கிறது, டேக் சுட்டிக் காட்டுகிறது. நீண்ட காலத்துக்கு எது நிற்கும் என்று கேட்டால் என் வாக்கு செப்பேட்டுக்கு.

பெர்னர்ஸ்-லீக்கும் அந்தக் கவலை இருந்தது. நல்ல முகவரிகள் மாறக் கூடாது என்று 1998இல் ஒரு குறிப்பு எழுதினார். சாசனங்கள் இதே வேண்டுகோளைக் கடுமையாகவே வைத்தன: சந்திரர் சூரியர் உள்ளவரை இது செல்லும், அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான், காத்தவன் பாதம் என் தலைமேல். எச்டிஎம்எல்லில் சாபத்துக்கு டேக் இல்லை. எழுதியவரைக் குறிக்க மட்டும் ‘அட்ரஸ்’ என்ற டேக் முதல் பட்டியலிலிருந்தே இருக்கிறது. ‘இவை இன்னான் எழுத்து’ என்பதற்கு ஈடாக அதைக் கொள்ளலாம்.

இதுவரை ஒரு வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு பேசிவந்தோம்: எச்டிஎம்எல்லில் மூலம் வேறு, தோற்றம் வேறு, கல்லில் இரண்டும் ஒன்று. இந்த வேறுபாடும் பார்க்கப் பார்க்கத் தளர்கிறது. அரசன் ஆணை ஓலையில்தான் பிறக்கிறது. திருமுகமாக வந்து சேர்கிறது, வரிக்கணக்கில் ஏறுகிறது, ‘கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்க’ என்ற அனுமதியோடு கல்தச்சனிடம் போகிறது. மூலம் ஓலை. கல்லும் செம்பும் அதைக் காட்டும் இரண்டு தளங்கள், கைப்பேசியும் கணித்திரையும் ஒரே பக்கத்தைக் காட்டுவது போல. கல்லில் வரி நீளம் சுவரைப் பொறுத்தது, செம்பில் ஏட்டைப் பொறுத்தது. செய்தி இரண்டிலும் மாறாது. தோற்றத்தைத் தளத்திடம் விட்டுவிட்டு, பொருளை மட்டும் வரையறுப்பது எச்டிஎம்எல் வகுத்த நெறி என்று பாடம் நடத்துகிறோம். பாண்டியரின் ஓலை எழுதுவோர் அதை நடைமுறையாகவே வைத்திருந்தார்கள். நமக்குக் கிடைக்காமல் போனது ஓலை; எஞ்சியிருப்பது காட்சி மட்டும். உலாவி நின்று, மூலக்கோப்பு கரைந்துபோன நிலை அது.

அந்த இழப்பை ஈடுகட்டும் முயற்சியில்தான் இவை இரண்டும் நேரிலேயே சந்தித்துக்கொள்கின்றன. எச்டிஎம்எல்லைப் பெற்ற எஸ்ஜிஎம்எல் 1986இல் பன்னாட்டுத் தரமானது; அதன் வழியில் வந்த இன்னொரு பிள்ளை எக்ஸ்எம்எல். அதில் அமைந்த ‘எபிடாக்’ என்ற முறையில் உலகின் பழைய கல்வெட்டுகளைக் கணினியேற்றுகிறார்கள். 2019இல் ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியில் தொடங்கிய தர்மா திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளுக்கும் இதையே கையாண்டது. சிதைந்து படிக்க முடியாத இடத்துக்கு ‘கேப்’, ஐயத்தோடு படித்த எழுத்துக்கு ‘அன்கிளியர்’, பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியதற்கு ‘சப்ளைட்’ என்று டேக்குகள். அச்சுப் பதிப்பில் சதுர அடைப்பும் உடுக்குறியும் செய்த வேலை இது. உலாவி ஓசையில்லாமல் நிரப்பிக்கொள்ளும் இடத்தில், இங்கே நிரப்பியவர் நான் நிரப்பினேன் என்று ஒப்புக்கொள்கிறார்.

வரித் தொடக்கத்துக்கு ‘எல்பி’ என்று ஒரு டேக். கல் முடிந்ததால் சொல்லின் நடுவே வரி மடங்கியிருந்தால், அதோடு ‘பிரேக்’ என்ற பண்பைச் சேர்த்து ‘நோ’ என்று எழுத வேண்டும்: வரி மாறியது, சொல் முடியவில்லை என்று பொருள். எச்டிஎம்எல்லின் ‘பிஆர்’ வரியை உடைக்கும். சொல் உடைந்ததா என்று சொல்ல அதனிடம் வழி இல்லை.