பூட்டிய அலமாரியும் திறந்த மென்பொருளும்



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறினால் வெள்ளிமலை என்னும் ஊரை அடையலாம். ஜாகீர்தார்களின் ஆதிக்கம் நீங்கி இம்மலை அரசின் நேரடி ஆட்சிக்கு வந்தது 1976ஆம் ஆண்டில்தான். இத்தகைய இடங்களில் பள்ளி அலமாரியில் உள்ளவையே பல பிள்ளைகளின் கைக்கு எட்டும் முதல் கதை நூல்கள்.

அவ்வலமாரி பூட்டிக் கிடந்தால்? நான் முன்னர்ப் பணியாற்றிய பள்ளியொன்றில் அப்படித்தான் கிடந்தது. நூல் தொலைந்தால் அதன் விலை ஆசிரியர் தலையில் விழும் என்ற அச்சமே காரணம். சரிபார்ப்பு நாளில் பதிவேட்டுக் கணக்கும் அலமாரிக் கணக்கும் ஒத்திருந்தன. கறையான் அரித்த நூல்களும் அக்கணக்கில் அடக்கம். சில ஆண்டுகள் அச்சாவி என்னிடமே இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணிதம் கற்பித்து வந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் வெளிவந்த தம் நூலில் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல் பயன்படுவதற்கே உரியது என்பது முதல் விதியின் கருத்து. மேனாட்டில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர் என்பதை அங்கே அவர் எடுத்துக்காட்டுகிறார். படிப்பவரின் காலத்தைக் காக்க வேண்டும் என்பது நான்காம் விதி. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமும் அவருடைய உழைப்பின் பயனே.

ஒரு நூலைத் தேடப் பதிவேடுகளைப் புரட்டும் பள்ளியில் நான்காம் விதி எங்ஙனம் நிலைக்கும்? கணினி இதற்கு வழி காட்டியது. ஆயினும் நூலக மென்பொருள்கள் நெடுங்காலம் பெருநகர நூலகங்களின் பணப்பைக்கே ஏற்றனவாக இருந்தன.

இந்நிலை மாறியது நியூசிலாந்தின் ஒரு சிறு மாவட்டத்தில். ஹொரோவெனுவா என்பது அதன் பெயர். லெவின் அதன் தலைமை ஊர். அங்குள்ள பொது நூலகங்களின் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்று 1999இல் தெரியவந்தது. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் குறித்துவைத்த கணினிகளுக்கு உலகெங்கும் நேர்ந்த இடர் அது. நூலகத்தார் கட்டிப்போ என்னும் நிறுவனத்தைக் கொண்டு புதிய மென்பொருளை எழுதுவித்தனர். 2000 சனவரித் தொடக்கத்தில் அது இயங்கலாயிற்று. பணம் கொடுத்துச் செய்வித்த பொருளைப் பூட்டி வைக்காமல், மூலநிரலோடு உலகுக்கு வழங்கிவிட்டனர். அதற்கு இட்ட பெயர் கோஹா. மாவோரி மொழியில் நன்கொடை என்று பொருள். பின்னர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நெல்சன்வில் என்னும் சிற்றூர் நூலகம், நூற்பதிவுக்கான உலகப் பொது அமைப்பாகிய மார்க் முறையை அதில் சேர்க்கப் பொருளுதவி செய்தது. பெற்றவர் மேலும் சேர்த்துத் தந்த வரலாறு இது.

இம்மென்பொருளுக்கு விலை இல்லை, உழைப்பு உண்டு. லினக்ஸ் இயங்கும் ஒரு கணினியில் இதனை நிறுவலாம். பள்ளிக்குள்ளேயே கம்பி இணைத்துப் பிற கணினிகளின் உலாவியில் திறக்கலாம். நாள்தோறும் வெளி இணையம் வேண்டும் என்பதில்லை. மலைப்பள்ளிகளுக்கு இது பெரிய நன்மை. முதலில் நூலகத்தின் பெயர், நூல் வகை, உறுப்பினர் வகை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். பிறகே நூல்களைப் பதிவு செய்யத் தொடங்கலாம். ஐயாயிரம் நூல்களையும் ஒரே மூச்சில் ஏற்ற முனைவோர் களைத்துப் போவர். நூறு நூல்களைப் பதிந்து, ஒரு வகுப்புக்கு மட்டும் வழங்கிப் பார்த்தால் பிழைகள் முன்னதாகவே தெரியும்.

தமிழ் நூல்களில் பெயரே பெருஞ்சிக்கல். புதுமைப்பித்தன் என்று ஒருவர் பதிவார், சொ. விருத்தாசலம் என்று மற்றொருவர் பதிவார். ரங்கநாதனே அரங்கநாதன் என்றும் எழுதப்படுவதால் நூலகத் தந்தை இரண்டிடத்தில் பிரிந்து நிற்பார்! இதற்கென்றே கோஹாவில் பெயர்ப் பதிவு என ஒரு பகுதி உண்டு. ஒரு வடிவைத் தலைமையாகக் கொண்டு, மற்ற வடிவங்களை அதனோடு இணைத்துவிடலாம். எந்த வடிவம் தலைமையானது என்பதைப் பள்ளியினரே முடிவு செய்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நலம்.

வழங்கும் விதிகளுக்கு ஒரு பட்டியல் வரும். எத்தனை நூல், எத்தனை நாள், தாமதத்திற்கு எவ்வளவு அபராதம் என்று கேட்கும். அபராதக் கட்டத்தில் சுழியம் இடலாம். மென்பொருள் அதனையும் ஏற்றுக்கொள்ளும்.