சாலை கடக்கும் பாடம்



மன்னர்களின் போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் வரலாறு என்று நாம் பயில்கிறோம். ஒரு சிறு குழந்தை சாலையைக் கடப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இன்று என் நோக்கம்.

மோட்டார் வண்டி பெருகுவதற்கு முன்பு, தெரு என்பது பெரியோர் நடமாடவும் சிறுவர் விளையாடவும் உரிய இடமாக இருந்தது. குதிரை வண்டி வந்தால் ஒதுங்கிக்கொள்ளப் பெரும்பாலும் நேரம் இருந்தது. மோட்டார் வந்த பின் அந்த நேரம் இல்லாமற்போயிற்று. முதல் உலகப் போரின்போது லண்டன் மாநகரத்தின் தெரு விளக்குகள் மங்கலாக்கப்பட்டன, விபத்துகள் பெருகின. அவற்றைத் தடுக்கும் பொருட்டு 1916இல் அங்கே ஒரு பாதுகாப்புக் கழகம் தோன்றிற்று. ஆயினும் 1934ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டனில் 7,343 பேர் சாலை விபத்தில் மாண்டனர். மறு ஆண்டே குடியிருப்புகள் நிறைந்த பகுதிகளின் சாலைகளில் மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர், என்று வேகவரம்பு விதித்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. மீண்டும் தெருக்கள் இருண்டன. 1941இல் மாண்டோர் தொகை 9,169 ஆக உயர்ந்தது. அந்நாளில்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியைக் கற்பித்தார்கள். அது படைவீரர்க்கு இடும் கட்டளை போன்றது. சாலை ஓரத்தில் நில், வலப்புறம் பார், இடப்புறம் பார், மீண்டும் வலப்புறம் பார், வழி வெறுமையாயிருந்தால் நட. வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்லும் நாட்டில், நமக்கு அண்மையில் வரும் வண்டி வலப்புறத்திலிருந்தே வரும். வலப்புறத்தை முதலில் பார்க்கச் சொன்னதன் காரணம் இதுவே.

படைக் கட்டளை மழலைகளுக்குப் பொருந்துமா? 1953இல் எல்சி மில்ஸ் என்னும் அம்மையார் டஃப்டி என்ற அணில் ஒன்றைக் கதைத் தலைவனாகப் படைத்தார். அந்த அணிலின் கதைகள் வழியே சின்னஞ்சிறார் சாலை விதிகளைக் கற்றனர்.

ஆயினும் ஒரு குறை தென்பட்டது. பழைய பயிற்சியைப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். தலை திரும்பியது, கண் பார்க்கவில்லை. ஆகவே 1970இல் பிரிட்டன் புதிய முறையொன்றை வகுத்தது. கடப்பதற்குத் தக்க இடத்தை முதலில் தேர்ந்துகொள், நில், நாற்புறமும் பார், காது கொடுத்துக் கேள், வண்டி போகவிடு, கடக்கும்போதும் பார்த்துக்கொண்டே நேராக நட. சொல்லை ஒப்பிப்பதை விட்டுச் சிந்திக்கப் பழக்குவதே இதன் கருத்து.

இதே காலத்தில் சுவீடன் நாட்டு உளவியல் அறிஞர் ஸ்டீனா சாண்டல்ஸ் அம்மையார் வேறொரு கேள்வியை எழுப்பினார். எத்துணை நன்றாகக் கற்பித்தாலும் சிறு குழந்தையால் இதைச் செய்ய இயலுமா? அவர் குழந்தைகளைப் பலவாறு ஆராய்ந்து 1968இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை இளம் குழந்தை எளிதில் அறியாது. வலம் இடம் மயங்கும். விளையாட்டில் மனம் சென்றால் கற்ற விதி மறந்துபோகும். எனவே, குழந்தையைச் சாலைக்கேற்ப முழுதும் திருத்திவிட முடியாது. சாலையைத்தான் குழந்தைக்கேற்பத் திருத்த வேண்டும் என்பது அவர் முடிவு.

பள்ளி வாயிலில் பல்லாண்டு நின்றவன் என்ற முறையில் இம்முடிவை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். வகுப்பில் விதிகளைப் பிழையின்றிச் சொன்ன முதல் வகுப்புக் குழந்தை, எதிர்ப்புறத்தில் தாயைக் கண்டதும் "அம்மா!" என்று கூவிக்கொண்டு ஓடும். அதனைக் குற்றம் என்று யார் சொல்வார்? அது குழந்தையின் இயல்பு. 48 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் அக்குழந்தையைக் கண்டு நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 23 மீட்டர் ஓடிவிடும்.

நெதர்லாந்து மக்கள் இவ்வுண்மையைப் பெருவிலை கொடுத்து உணர்ந்தனர். 1971இல் அச்சிறு நாட்டின் சாலைகளில் 3,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் கொதித்தெழுந்தனர். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் பிறந்தது. 1976இல் குடியிருப்புத் தெருக்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. அத்தகைய தெருக்களில் குழந்தைகள் விளையாடலாம். வண்டிகள் மனிதர் நடக்கும் வேகத்திலேயே செல்ல வேண்டும். ஒதுங்கும் கடமை குழந்தையிடமிருந்து வண்டிக்கு மாறிற்று.

அப்படியானால் கற்பித்தல் வீணா? இல்லை. நீச்சல் கற்பித்த பின்னும் கிணற்றுக்குச் சுவர் எழுப்புகிறோம் அல்லவா? இரண்டும் வேண்டும். நம் ஊர்களில் நடைபாதை இல்லாத சாலைகள் பல. தவறான திசையில் வரும் வண்டிகளும் உண்டு. ஆதலால் இருபுறமும் பார்த்தே கடக்கப் பழகுங்கள். வண்டிகளின் இடையிலிருந்து சாலைக்குள் புகாதீர்கள். தம்பி தங்கையை அழைத்துச் செல்லும்போது, "பார்த்து வா" என்று சொல்வதோடு நில்லாமல், கையைப் பற்றிக்கொள்ளுங்கள். சாலைப் பக்கம் நீங்கள் நடவுங்கள்.

கல்லூரி மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் சாலை அமைக்கும் பொறியாளர் ஆவீர்கள். சிலர் ஊராட்சியில் பொறுப்பேற்பீர்கள். பெரும்பாலோர் வண்டி ஓட்டுவீர்கள். பள்ளிக்கூடம் கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறையுங்கள். குழந்தை விதியை மறந்து ஓடிவரக்கூடும் என்பதை நீங்கள் மறவாதிருங்கள்.