கரிசல் சீமையில் கள்ளுக்கடை

பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டி இறக்கும் சாறு, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசப்பட்டிருந்தால் புளிக்காமல் பதநீராக நிற்கும்; பூசாவிட்டால் மரத்தில் இருக்கும்போதே நொதிக்கத் தொடங்கிக் கள்ளாகிவிடும். பனையேறி தளைநாரும் அரிவாள்பெட்டியுமாகக் காலையும் மாலையும் மரமேறி, பாளையின் நுனியை மெல்லிய சீவலாக அரிந்து, கலயத்தில் சேர்ந்ததைப் பன்னாடையில் வடித்துத் தருவார். காலையில் இறக்கிய கள் மாலைக்குள் கடுத்து, அதன்பின் காடியாகிவிடும் என்பதால் அதைத் தேக்கிவைக்கவோ தொலைவிற்கு அனுப்பவோ வழியில்லை. கள்ளுக்கடை பனங்காட்டை ஒட்டியே அமைந்ததற்கு இதுவே முதற்காரணம்.

இந்த எளிய வணிகத்தைச் சென்னை மாகாண அரசு 1886ஆம் ஆண்டின் அப்காரிச் சட்டத்தின் வழியாக, அதாவது மதுவின் மீதான ஆயத்தீர்வைச் சட்டத்தின் வழியாகத் தன் கைக்குள் கொண்டுவந்தது. கள் இறக்கும் மரத்திற்கு வரியும் கடை நடத்தும் உரிமைக்கு ஏலமும் என்ற ஏற்பாட்டில், உயிரைப் பணயம் வைத்து மரமேறியவரைவிட ஏலம் எடுத்தவரும் கருவூலமுமே மிகுந்த ஆதாயம் கண்டனர்.

விருதுநகரும் சிவகாசியும் வளர்ந்த வரலாறு இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. பனைத்தொழிலோடு பிணைத்தே அறியப்பட்ட நாடார் சமூகத்தில், இவ்வூர்களில் குடியேறியோர் பேட்டை அமைத்து வணிகத்தில் இறங்கினர்; சரக்கின் மீது தாமே விதித்துக்கொண்ட மகமை என்னும் பொதுநிதியால், உறவின்முறை எனப்பட்ட ஊர்ச்சபைகளின் மேற்பார்வையில் பள்ளிகளை எழுப்பினர். 1910இல் உருவான நாடார் மகாஜன சங்கத்தின் காலத்தில் கள்ளிறக்கும் தொழிலிலிருந்து விலகுவது சமூக மதிப்பின் அடையாளமாகவே கருதப்பட்டது. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தபின், சிவகாசியின் பெயர் தீப்பெட்டியோடும் பட்டாசோடும் சேர்ந்துவிட்டது. வணிகர் அடைந்த இந்த உயர்வு போற்றத்தக்கதே. ஆனால் மரத்தடியில் தங்கிவிட்ட பனையேறிக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. இதற்கிடையே, இழந்த கள் வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. பனைமரத்தின் மீதிருந்த சுமை இவ்வாறு விருதுநகர் போன்ற சந்தை நகரங்களின் கடைக்கணக்கிற்கு இடம் மாறியது. விருதுநகரில் பிறந்த காமராசர் முதல்வராக இருந்த 1954 முதல் 1963 வரையிலும் மதுவிலக்கு தளரவில்லை.

மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் வந்து, 1981இல் மறுபடி தளர்ந்தது. அதே 1971இல் இங்கிலாந்துக்காரர்களிடையே, பீப்பாயிலேயே நொதித்து முதிரும் ‘ரியல் ஏல்’ என்ற மரபுப் பியரைப் பெரிய ஆலைகளின் பியரிடமிருந்து காப்பதற்கென நுகர்வோர் இயக்கம் ஒன்று பிறந்தது. அங்கே குடிப்பவர்களே தங்கள் மரபுப் பானத்திற்காகச் சங்கம் கண்டனர். இங்கே கள்ளுக்காக வாதாடும் வலிமை பனையேறிக்கு வாய்க்கவில்லை. காய்ச்சி வடிக்கும் சாராயத்தையும் மரத்திலிருந்து இறங்கும் கள்ளையும் ஒரே தட்டில் வைத்த 1987ஆம் ஆண்டுத் தடை கள்ளுக்கடையை முற்றாக மூடியது. ஆலையில் செய்த மதுவோ 1983இல் நிறுவப்பட்ட டாஸ்மாக் வழியாகத் தொடர்ந்தது. 1978 முதல் மாநில மரமாக விளங்கும் பனையில் ஏறுபவருக்கு இழைக்கப்பட்ட இந்த அநீதி திருத்தப்பட வேண்டும்.